வில்லுக்கத்தி சொல்லும் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உழைக்கும் மக்களிடையே சிறிது காலம் பழகியவர் எவரும் வில்லுக்கத்தியை அறியாதிருக்க முடியாது. தமிழகத்தார் மடக்குக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் வழங்குவதையே ஈழத்தார் வில்லுக்கத்தி என்கின்றனர். பிடியின் முதுகிலே கிடந்து, அலகின் அடியை இடைவிடாது அழுத்திக்கொண்டிருக்கும் எஃகுத் தகட்டுக்கு நம்மவர் இட்ட பெயர் ‘வில்லு’. விரித்த அலகு தானே மடங்காதிருப்பதும், மடித்த அலகு தானே விரியாதிருப்பதும் அந்த வில்லினாலேயே. பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டு பெயரிட்டவர் அதைக் கையாண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

எழுவான்கரையிலே வலை பொத்தும் மீனவர் நூலறுப்பது இதனால். படுவான்கரை வயலிலே வேளாண்மை செய்பவர் கயிறு அறுப்பதும், கம்பு கூராக்குவதும், ஓய்ந்து அமர்ந்த பொழுதிற் பாக்குச் சீவுவதும் இதனால். சாரத்தின்மேற் கட்டிய அகன்ற இடைவாரிலோ, மடியிலோ அது கிடக்கும். தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. அரசரின் வாள் நூதனசாலைக் கண்ணாடிக்குள் ஏறிவிட்டது. உழைப்பாளியின் கத்தியோ, அவனோடு தேய்ந்து அவனோடு மறைகிறது. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது வாளின் வரலாற்றினும் சிறியதன்று என்பதை எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

அண்மையில் நகரக் கடையொன்றிலே கனத்த வில்லுக்கத்தி ஒன்றை வாங்கினோம். பருத்த அலகு, வலிய வில். வீட்டுக்கு வந்து திறக்க முயன்றபோது நகம் நொந்ததேயன்றி அலகு அசையவில்லை. வரிந்து இழுத்துத் திறந்தபின் பாக்கொன்றைச் சீவிப் பார்த்தோம். பாக்கு நசுங்கியது. ஏமாந்துவிட்டோம் என்றெண்ணி, அயலூர்க் கொல்லுலையிலே முதியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கத்தியக் கடையில வாங்கலாம், மகன், வாயக் கடையில வாங்க ஏலா” என்று சிரித்தார்.

அவர் கற்பித்தது இதுவே. புதுக்கத்தியின் மூட்டிலே உலோகத் துகளும் தூசியும் அடைந்திருக்கும். அதை முதலிலே துடைத்து நீக்க வேண்டும். பின்னர் இரண்டொரு துளி எண்ணெய் விட்டு, நாள்தோறும் பலமுறை நிதானமாகத் திறந்து மூட வேண்டும். அலகின் அடியும் வில்லின் முனையும் ஒன்றையொன்று உராய்ந்து வழுவழுப்பாகும், ஒன்றுக்கொன்று பழகும். தொழிற்சாலையிலே அவசரமாகப் பிடித்த வாயைத் தீட்டுகல்லில் நீர் தெளித்து, ஒரே சாய்வில், இரு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். ஓரத்திலே புரளும் மெல்லிய பிசிர் உதிர்ந்தபின்னரே உண்மையான வாய் பிறக்கும். புளிப்புள்ள காய் நறுக்கினாலும், வாவியின் உப்புக்காற்றிலே கிடந்தாலும் கரியெஃகு கறுக்கும், துருவேறும். ஆதலால் வேலை முடிந்ததும் துடைத்து வைக்க வேண்டும். பூட்டில்லாத வில்லுக்கத்தியாற் குத்தி நெம்புதல் கூடாது. அலகு மடங்கி, பிடித்த விரலையே வெட்டும்.

ஏறக்குறைய ஒரு மாதம் சென்றது. கத்தி இசைந்தது, நமது கையும் இசைந்தது. இங்கேதான் ஓர் உண்மை புலனாயிற்று. ஒரு கருவி இருமுறை நமக்கு உரிமையாகிறது. காசு கொடுக்கும்போது ஒருமுறை; உழைப்பினாற் பழக்கும்போது மறுமுறை. முன்னது கணக்கேட்டிலே பதியும் உரிமை. பின்னது பொருளிலேயே பதியும் உரிமை. இவ்விரண்டும் ஒரே கையில் இருந்த காலமும், வேறு வேறு கைகளுக்குப் பிரிந்த காலமும் உண்டு. அந்தப் பிரிவின் கதையே வில்லுக்கத்தியின் கதை.

மடங்கும் கத்தி மேனாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உரோமர் காலத்திலேயே அங்கு மடக்குக்கத்தி இருந்தது மெய்யே. ஆனால் நம்மவரும் அதை அறிந்திருந்தனர். ஏட்டில் எழுதிய காலத்து எழுத்தாணிகளுள் ‘மடக்கெழுத்தாணி’ என்பது ஒரு வகை. ஒரு புறம் எழுத்தாணி; மறுபுறம் ஓலை வாருவதற்குரிய சிறு கத்தி; இரண்டையும் மடித்துப் பிடிக்குள் அடக்கிவிடலாம். ஐரோப்பாவிலும் பேனாக்கத்தி என்ற பெயர் இறகுப் பேனாவின் முனையைச் சீவியதனால் வந்ததே. கடல்கள் இடையிட்ட இரு நாகரிகங்களிலும் சிறு மடக்குக்கத்தி எழுத்துக்கு ஏவல் செய்திருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் இதை மறத்தலாகாது. கொல்லனின் உலையும் புலவனின் ஏடும் ஒரு காலத்தில் அண்டை வீடுகளாக இருந்தன.

இனி, அலகுக்கு வேண்டிய எஃகைப் பார்ப்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீப் எஃகைக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது இலங்கையே. இது வெறும் புகழ்ச்சியன்று என்பதை 1990களில் நிகழ்ந்த அகழ்வாய்வு மெய்ப்பித்தது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியிலே, மலைமுகடுகளின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அவ்வாறே உலை அமைத்து, காற்றை மட்டும் நம்பி உருக்கிப் பார்த்து, உயர்ந்த கரிச்சேர்க்கையுள்ள எஃகு கிடைப்பதை 1996இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வுலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் பண்டைய இரும்புத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

காற்றை உழைப்புக்குப் பழக்கிய இந்த மக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலே இருக்கிறது?

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்கொட் என்ற மருத்துவர், இந்திய உருக்கின் மாதிரிகளை இலண்டனுக்கு, அரச கழகத் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். ஆங்கிலேயர் அதை ‘வூட்ஸ்’ என்றனர். கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு தொடர்புடைய சொல் அது என்பது அறிஞர் கருத்து. அந்த எஃகைச் சோதித்த ஜோர்ஜ் பியர்சன் 1795இல் தமது ஆய்வுரையை வெளியிட்டார். சோதனையின் ஒரு பகுதியாக, ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற இலண்டன் கத்தித் தொழிலாளர் அதிலிருந்து அடித்துப் பார்த்த கருவி என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு அது சற்றும் குறையவில்லை என்று கண்டனர்.

அதே 1795ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நம்மவர் எஃகின் சிறப்பை ஒரு கையால் அளந்துகொண்டே, மறுகையால் நம்மவர் மண்ணைப் பற்றினர்.

அந்நாளில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் கத்தித் தொழிலின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. கடிகாரம் செய்யும் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு வேண்டி 1740களிலே மூசையில் எஃகு உருக்கும் முறையை அங்கே நிலைநாட்டியிருந்தார். வில்லுக்கென்று பிறந்த எஃகு கத்தி அலகாகவும் மாறியது. நீர்ச்சக்கரமும் பின்னர் நீராவியும் சாணைக்கற்களைச் சுழற்றின. ஷெபீல்டு முத்திரை பதித்த மடக்குக்கத்தி கடல் கடந்து குடியேற்ற நாடுகளின் கடைத்தெருக்களை நிரப்பியது.

இதைக் கொண்டு ஷெபீல்டுத் தொழிலாளி நம்மைச் சுரண்டி வாழ்ந்தான் என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலிலே, ஷெபீல்டின் மருத்துவர் நைட் கண்டறிந்ததை எடுத்துக்காட்டுகிறார். உலர்ந்த கல்லிலே கத்தியும் முள்ளும் தீட்டுபவரின் சராசரி ஆயுள் 35 ஆண்டு. நீர் விட்டுத் தீட்டுபவர் 45ஐக் கடப்பதே அரிது. கல்லின் தூளும் எஃகின் தூளும் நெஞ்சிலே படிந்து, மூச்சிரைத்து மாண்டனர். நமது பாட்டன் இடைவாரிற் செருகிய பளபளப்பான அலகு, யாரோ ஓர் ஆங்கிலப் பாட்டாளியின் நுரையீரலிலே தீட்டப்பட்டது. வாங்கியவனும் ஏழை, செய்தவனும் ஏழை. இடையிலே கொழுத்தவன் மட்டும் வேறு.

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்பது நம் பழமொழி. எது நடவாது என்று நம் முன்னோர் நகைத்தனரோ, அதையே ஏகாதிபத்தியம் நடத்திக் காட்டியது. மலிந்த அந்நிய இரும்பு வந்திறங்கியதும் உள்நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. இலங்கைக் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பலாங்கொடைப் பகுதியிற் பழைய முறையில் இரும்பு உருக்குவதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து, 1908இல் வெளியிட்ட தமது நூலிலே பதிந்துவைத்தார். அப்பொழுதே அது முதியவரின் நினைவிலே மட்டும் எஞ்சிய தொழிலாகிவிட்டது. உலகுக்கு எஃகு தந்த தீவு, பாக்குச் சீவும் கத்திக்கும் கப்பலை எதிர்பார்த்து நின்றது.

கத்தியை விற்ற ஆட்சி, அதை வைத்திருந்தவனை நம்பவுமில்லை. கத்தி கொண்டு நடப்பதைக் கட்டுப்படுத்தக் கட்டளைச் சட்டமும் இயற்றியது. சுதந்திரம் வந்த பின்னும் அந்த ஐயம் அகலவில்லை. 1983 தொடக்கம் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே, இடைவாரிற் கத்தியோடு ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பது உழைப்பாளிக்கு எளிய காரியமாக இருக்கவில்லை. கருவி ஆயுதமாகத் தோன்றுவது அதைப் பார்க்கும் அதிகாரத்தின் கண்ணைப் பொறுத்தது. பாக்கைச் சீவியவனுக்கு அது பாக்குச் சீவும் கத்தி மட்டுமே.

இத்தனைக்கும் பின், வாவிக்கரைக் கொல்லன் அழிந்தானா? இல்லை. தேய்ந்து கழித்த லொறியின் வில்லுத்தகட்டை வாங்கி, உலையிற் காய்ச்சி, கத்தியாக அடிக்கிறான். அந்நியத் தொழிற்சாலையில் வண்டியைத் தாங்கப் பிறந்த எஃகு, இங்கே மறுபிறவி எடுக்கிறது. அது காய்ந்த நிறத்தைக் கண்டே பதம் அறிகிறான். எந்த நிமிடத்திலே நீரில் தோய்க்க வேண்டும் என்பது அவன் கண்ணிலே இருக்கிறது. ஆயினும் அறுவடை இயந்திரம் வந்தபின் தாக்கத்திக்குத் தேவை குறைந்தது. கடையிலே மலிந்த வெளிநாட்டுக் கத்திகள் குவிந்து கிடக்கின்றன. அவனுடைய மகன் உலைக்கு வர விரும்புவதில்லை. விரும்பாதது குற்றமா? உலையிலே வேலை செய்பவனைத் தாழ்ந்தவன் என்று எண்ணக் கற்பித்த சமுதாயமே முதற் குற்றவாளி. கைத்தொழிலை ‘படிக்காதவன் பிழைப்பு’ என்று வகுப்பறையிலே நகையாடும் ஒவ்வோர் ஆசிரியரும் அக்குற்றத்திலே பங்காளி.

வேறொரு சிறு நாட்டைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து தன் படைவீரருக்கு மடக்குக்கத்தி வழங்க முடிவு செய்தபோது, அதை ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. 1884இல் தொழிற்கூடம் தொடங்கியிருந்த கார்ல் எல்செனர், இதை மாற்ற எண்ணிக் கத்தித் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி, 1891இல் உள்நாட்டுக் கத்தியைப் படைக்கு வழங்கினார். சோலிங்கனின் மலிந்த விலையோடு போட்டியிட இயலாமற் பலர் விலகினர். அவரும் கடனில் ஆழ்ந்தார். ஆயினும் கைவிடவில்லை. 1897இல் அவர் பதிவு செய்த கத்தி இன்று உலகறிந்தது. இறுதியிலே அது தனியார் நிறுவனத்தின் வெற்றியாக முடிந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், தன் கருவியைத் தானே செய்ய முடியும் என்ற உறுதியும், தொழிலாளர் ஒன்றுகூடினால் வழி பிறக்கும் என்ற எண்ணமும் அங்கே தொடக்கமாக இருந்தன. நமது கொல்லருக்கு அவ்வுறுதி இல்லாமலில்லை. எஃகைக் கூட்டாக வாங்கவும், செய்ததைக் கூட்டாக விற்கவும் ஒரு கூட்டுறவே இல்லை.

முதியவர் சொன்ன வார்த்தைக்கு மீண்டும் வருவோம். வாயைக் கடையிலே வாங்க இயலாது. அது உழைப்பினாற் பிறப்பது. இது கத்திக்கு மட்டுமா பொருந்தும்? காடாகக் கிடந்த நிலத்தை வயலாகப் பழக்கிய கைகள் எவை? போடியாரின் பெயர் உறுதியிலே இருந்தது; முல்லைக்காரனின் வியர்வை வரம்பிலே இருந்தது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை உழவரை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுக்கவும், அவர் கொடுக்கும் குத்தகைக்கு எல்லை கட்டவும் முயன்றது. நிலத்தைப் பழக்கியவனுக்கும் அதிலே ஓர் உரிமை உண்டு என்பதை ஏட்டிலே எழுதிய முயற்சி அது. வில்லுக்கத்தி நமக்கு ஒரு மாதத்திலே கற்பித்ததை, இந்நாட்டுச் சட்டம் ஏற்க எத்தனை தலைமுறை சென்றது!

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடுத்த முறை வாவிக்கரையிலே ஒருவர் மடியிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்தால், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அலகு தேய்ந்து ஒடுங்கியிருக்கும். பிடியிலே பெருவிரல் பதிந்த பள்ளம் இருக்கும். அப்பள்ளத்தைக் கடையிலே எவரும் விற்கவில்லை. அதை உண்டாக்கியவரிடமே அதன் வரலாற்றைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கியிருந்த மரபு நம்முடையது. அவை மீண்டும் ஒரு பிடிக்குள் சேரட்டும்.