ஆக்லாந்தின் மெதுவோட்டம்

நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியில் மூச்சு முட்டிப் பின்தங்கும் நாளை மன உறுதியின் குறையாகக் கருதாமல், வேகத்தைத் தவறாகக் கணித்ததன் விளைவாகக் கொள்ளும் பார்வை பரவியதில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து எளிய ஓட்டக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட், தம் உடலையே சோதனைக்களமாக்கி, வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் என்னும் பயிற்சி அளவை வந்தடைந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றது பலரும் அறிந்ததே.

ஆயினும் அப்பதக்கங்களைவிட ஆழமான தடம் பதித்தது, நடுவயதினரையும் இதயநோய் கண்டவர்களையும் லிடியார்ட் ஓடவைத்த 'ஜாகிங்', அதாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அமையும் மெதுவோட்டம், எனலாம். 1962 டிசம்பரில் ஆக்லாந்து வந்த ஒரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன், அப்போது 51 வயதினர், அந்த மெதுவோட்டக்காரர்களின் குழுவுடன் குன்றேறியபோது மூச்சிரைத்துப் பின்தங்கிவிட, எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக ஓடினார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய பவர்மனுக்கு இது சிறிய அடியன்று. அவரோ அங்கிருந்த வாரங்களில் தொடர்ந்து ஓடிப் பழகி, நாடு திரும்பியதும் யூஜீன் நகர மக்களுக்கு மெதுவோட்டத்தைக் கற்பித்து, இதயநோய் மருத்துவர் வால்டோ ஹாரிசுடன் இணைந்து 1967இல் 'ஜாகிங்' என்னும் நூலையும் வெளியிட்டார். கடும்பயிற்சி நாளை அடுத்து இலகுவான நாள் வரவேண்டும் என்ற நெறியும் அவர் பெயரோடு சேர்த்தே இன்றுவரை வழங்குகிறது.