திசைவியும் தமிழெழுத்தும்

மலாய் மொழியில் ‘ஜாரிங்’ என்பது வலையைக் குறிக்கும். மிமோஸ் நிறுவனம் அப்பெயரில் அமைத்த வலையமைப்பே 1992இல் மலேசியாவை இணையத்தோடு பிணைத்தது. அன்று அமெரிக்காவுக்குச் சென்ற செயற்கைக்கோள் தடத்தின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் மட்டுமே.

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகக் கணினிகளையும் கிள்ளான் அலுவலகக் கணினிகளையும் ஒன்றாக்குவது விரிபரப்பு வலையமைப்பு. அதன் சந்திகளில் நிற்பது ரவுட்டர் எனப்படும் திசைவி. தரவுப் பொட்டலத்தின் முகவரியைப் படித்து, அட்டவணையில் தடம் தேர்ந்து அனுப்புவதே அதன் தொழில். உள்ளே இருப்பது தமிழா, மலாயா என்று அது பாராது.

எனவே, தமிழ் மடல்கள் திரையில் சிதைந்து தோன்றியமைக்குத் திசைவியை நாம் குறைகூற இயலாது. அனுப்பியவரும் பெற்றவரும் வெவ்வேறு குறியேற்றங்களைக் கையாண்டதே காரணம். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு பொதுக் குறியேற்றத்தை நாடியது. 2001இல் அம்மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பின்னர் யூனிகோடு நிலைபெற்றது. பாதை அமைப்பது பொறியின் பணி; எழுத்தில் உடன்படுவது மொழியுடையோராகிய நம் பணி.