உதகையில் விளைந்த சீமைக் காய்கறி

கடல் கடந்து உத்தியோகம் பார்க்க வருகிறவர்களுக்குப் புதிய தேசத்தின் பாஷையும் ஜனங்களும் நாளடைவில் பழகிப்போனாலும், நாக்கு மட்டும் பிறந்த ஊரை லேசில் மறப்பதில்லை. சென்னைப் பட்டணத்தில் குடியேறிய ஆங்கிலேயருக்குக் காய்கறி விஷயத்தில் நேர்ந்த ஆச்சரியங்கள் பல. துரைசானி கடைவீதிக்குப் போவது கௌரவக் குறைவென்று கருதப்பட்டபடியால், பட்லர் வாங்கிவந்து, தம் தஸ்தூரியையும் சேர்த்துச் சொன்னதே விலையாயிற்று. கூடையிலோ கத்தரியும் வெண்டையும் புடலும் இருந்தனவேயன்றி, அவர்கள் ஏங்கிய முட்டைக்கோசு இல்லை. சீமையிலிருந்து விதை தருவித்தாலும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் புழுங்கிவந்தவற்றுள் பல முளைப்பதில்லை. தப்பி முளைத்த கோசும் சமவெளியின் வெயிலில் இலை விரித்து நின்றதேயொழிய உருண்டு திரளவில்லை.

1819-ஆம் ஆண்டு நீலகிரிக்கு வந்த கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன், அம்மலையின் சீதோஷ்ண ஸ்திதி தம் நாட்டை ஒத்திருக்கக் கண்டு, பின்னர் உதகையில் கல்வீடு கட்டி, சீமைப் பயிர்களையும் பழமரங்களையும் வைத்து வளர்க்கலானார். ஆனால் விளைவது வேறு, கட்டுப்படியான விலைக்குக் கிடைப்பது வேறு. உதகைக்குக் குடிவந்த வெள்ளைக்காரக் கனவான்கள் 1845-இல், மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்துகிறவர்களுக்குக் காய்கறி இலவசம் என்ற ஏற்பாட்டில் ஒரு தோட்டம் போட்டார்கள். காகிதத்தில் அழகாயிருந்த அந்த ஏற்பாடு நடைமுறையில் நிலைக்கவில்லை. பிறகு பொதுத் தோட்டமாகவே அமைப்பதென்று தீர்மானித்து, 1848-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவரை வரவழைத்தார்கள். மேலே காடும் கீழே சேறுமாய்க் கிடந்த சரிவை அவர் பல வருஷப் பிரயாசையால் திருத்தினார். கோடைதோறும் புஷ்பக் கண்காட்சி பார்க்க நாம் முண்டியடித்துக்கொண்டு போகும் தாவரவியல் பூங்கா, காய்கறி விலையைப் பற்றிய முணுமுணுப்பில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

துரைமார் தங்கள் மேஜைக்காகக் கொண்டுவந்த உருளைக்கிழங்கை அம்மலையில் வாழும் படுகர்கள் தங்கள் நிலத்துப் பயிராக ஏற்றுக்கொண்டதுதான், என் அபிப்பிராயத்தில், இச்சரித்திரத்தின் முக்கிய கட்டம். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் மலை ரயில் வந்தது. மேட்டுப்பாளையத்து மண்டிகள் வழியே மலைக்கிழங்கு சமவெளிச் சமையலறைகளுக்கு இறங்கிற்று. ஆயினும் ஆசாரமுள்ள வீடுகளில் சிராத்தத்தன்று கோசுக்கும் காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் இன்றும் இடமில்லை. அன்றைக்கு வாழைக்காயும் பாகற்காயும் புடலங்காயும்தான்.