பட்டைச்சாராய வட்டாரமும் குடித்தவர் மூளையும்

ஜவ்வாது மலை, ஏலகிரி அடிவாரம் போன்ற வறண்ட காடுகளில் வளரும் வெள்வேல மரத்துக்குப் பட்டைச்சாராய மரம் என்றும் பெயர் உண்டு. வெல்லத்தையும் அதன் பட்டையையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்தால் ஊறல். ஊறலைக் காய்ச்சி வடித்தால் சாராயம். பட்டையின் துவர்ப்புச் சத்து ஊறலிலுள்ள புரதப் பொருள்களைப் படியவைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை தோலின் புரதத்தைப் பிடித்து அதை அழுகாமல் காத்ததும் இதே துவர்ப்பால்தான்.

இதே வட்டாரத்துத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியபோது ஊத்தங்கரையிலும் கிருஷ்ணகிரியிலும் கடைகள் மூடின. எல்லைக்கு இப்பால் திருப்பத்தூரில் திறந்திருந்தன. சித்தூருக்கும் கடப்பைக்கும் 1938இல் போன சட்டம், வட ஆற்காட்டுக்கு 1939இல் வந்தது. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட அதே ஆண்டு விற்பனை வரி பிறந்தது. இவையெல்லாம் அரசுக் கோப்புகளில் பத்திரமாக உள்ளன. கடை மூடிய மறுநாள் பழைய குடிகாரரின் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதற்குத்தான் ஏடு கிடையாது.

சாராயம் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் மூளை எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பழைய போதைக்கு அதிக அளவு தேவைப்படும். திடீரென நிறுத்தினால் அடக்குவது போய்விடும், எழுப்புவது மட்டும் மிஞ்சும். முதலில் கைநடுக்கம், வியர்வை. ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு. மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், குரல் கேட்கும். இந்நிலையில் உயிர்கூடப் போகலாம். வலிப்புக்கும் பிதற்றலுக்கும் காரணம் நிறுத்தியதே என்பதை அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு சோதித்துக் காட்டியது 1955இல். ஒரே நாளில் கடைகளை மூடிய சட்டம் அதற்குப் பதினெட்டு ஆண்டு மூத்தது. நோக்கம் நல்லதாயினும், குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்த காலத்தில் கடையை மூடுவதோடு அரசின் கடமை முடிந்துவிட்டது.

மெதுவாக வரும் கேடு வேறு வகை. கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்த மூன்று நோயாளிகளில் இருவர் பெருங்குடிகாரர்கள்: கண் அசைவு தடுமாறியது, நடை தள்ளாடியது, புத்தி குழம்பியது. சில ஆண்டுகள் கழித்து ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் நினைவிழப்பை விவரித்தார். பழையது ஓரளவு நினைவிருக்கும், புதியது எதுவும் தங்காது, இடைவெளியை மனம் கற்பனையால் நிரப்பும். இரண்டுக்கும் வேர் தயமின் என்ற பி1 வைட்டமின் பற்றாக்குறை. சாராயம் அதைக் குடல் உறிஞ்சவிடாது, ஈரலில் சேரவும் விடாது. குடிப்பவர் சோற்றையும் குறைத்துக்கொள்கிறார். சாமையும் கேழ்வரகும் புழுங்கலரிசியும் தரும் தயமின், தீட்டிய பச்சரிசியில் வெகு குறைவு. வெர்னிக்கே நிலையிலேயே ஊசி போட்டால் மீட்கலாம். கோர்சகோவ் நிலைக்குப் போனவர் முழுதாகத் திரும்புவது அரிது.

போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, பின் மீண்டும் வந்து நீங்க, 1983இல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் உருவாகி, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கடை மூடிய காலத்தில் மலையடிவார ஊறல் பானைகள் பெருகியதில் வியப்பில்லை. வெல்ல ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆலைகளுக்கான மெத்தனாலைக் கலக்கும்போதுதான் பேராபத்து. உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும், மூளையின் ஆழத்தில் அசைவை நெறிப்படுத்தும் பகுதியையும் அழிக்கிறது. தெற்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான். அதன்பின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே திருத்தம் செய்து ஆயுள் தண்டனை வரை சேர்த்தார்கள்.

மருத்துவம் தன் வழியில் தனியாக வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கு வழக்கம். குடிநோய்க்கென்றே சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையை 1980இல் நிறுவினார். இன்றைய சிகிச்சையில் நடுக்கத்தை மருந்தால் படிப்படியாக இறக்குகிறார்கள், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தருகிறார்கள். குடியை விட்டவரின் சுருங்கிய மூளை சில மாதங்களில் ஓரளவு பருமன் மீள்வதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. திட்டமிடலும் தன்னடக்கமும் சார்ந்த முன்மூளை திரும்ப நாளாகும். சிறுமூளை கெட்டவருக்கு நடைத் தள்ளாட்டம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.