பள்ளி வன்முறை நாவலும் வாசகர் எதிர்வினையும்

முன்னுரை

ஒரு நாவலின் வரலாறு அது அச்சேறிய நாளோடு முடிந்துவிடுவதில்லை. வாசகர் அதனை ஏற்றதும் மறுத்ததும் அவ்வரலாற்றில் அடங்கும். இலக்கிய வரலாறு வாசகரின் எதிர்பார்ப்பையும் கணக்கில்கொண்டு எழுதப்பெற வேண்டும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உரையில் வலியுறுத்தினார். அந்நோக்கில், அமெரிக்க நாவலாசிரியர் ஜோடி பிக்கோவின் 'நைன்டீன் மினிட்ஸ்' பெற்ற முரண்பட்ட எதிர்வினைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடி நாவல்கள்

ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்னும் புனைபெயரில் 1977இல் வெளியிட்ட 'ரேஜ்', வகுப்பறையைத் துப்பாக்கி முனையில் பிடித்துவைக்கும் மாணவனின் கதையாகும். 1997இல் கென்டக்கி மாநிலப் பள்ளியொன்றில் சக மாணவர்களைச் சுட்ட மாணவன் இந்நூலை வைத்திருந்தமை தெரியவந்தபின், கிங் அதன் மறுபதிப்பைத் தாமே நிறுத்தினார். 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் இப்பொருண்மை நாவலுக்குரிய பெரும் பொருளாயிற்று. கொலையாளியின் தாய் எழுதும் கடிதங்களாக அமைந்த லயனல் ஷ்ரைவரின் 'வி நீட் டு டாக் அபவுட் கெவின்' (2003), 2005இல் ஆரஞ்சு பரிசு பெற்றது.

நாவலும் காலமும்

'நைன்டீன் மினிட்ஸ்' 2007 மார்ச்சில் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அடுத்த மாதமே வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கற்பனை ஊரான ஸ்டெர்லிங்கில், மழலையர் வகுப்பு முதல் சக மாணவரின் இழிவுக்கும் அடிக்கும் ஆளான பீட்டர் ஹூட்டன், பள்ளியில் பத்துப் பேரைக் கொல்கிறான். பத்தொன்பது நிமிடங்களில் நிகழ்ந்து முடியும் இக்கொடுமையின் வேரைத் தேடிக் கதை முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகளினூடே செல்கிறது. தாய், நீதிபதி, காவல் துப்பறிவாளர், வழக்குரைஞர் எனப் பலர் பார்வையில் கதை விரிகிறது.

இருவேறு எதிர்வினைகள்

துன்புறுத்தலுக்கு ஆளான இளையோர் பலர் தம் தனிமையை இந்நாவலில் கண்டனர். இதனைப் படித்தமையால் வன்செயலிலிருந்து விலகியதாக மாணவர் பலர் தம்மிடம் தெரிவித்துள்ளனர் என்று பிக்கோ கூறியுள்ளார். மறுசாராரோ, கொலையாளியிடம் நூல் காட்டும் பரிவு கொலையுண்டோரை மறைக்கிறது என்றனர். பீட்டரின் பழைய தோழி ஜோசியும் அன்று சுட்டவள் என்பதை வழக்கின் இறுதியில் வெளிப்படுத்தும் திருப்பத்தைச் சிலர் அதிர்ச்சிக்காகப் புகுத்தப்பட்டதென மதிப்பிட்டனர். குற்றத்தை ஒருவன் தலையில் மட்டும் சுமத்தும் எளிய தீர்வை அத்திருப்பம் குலைக்கிறது என்பதும் எண்ணத்தக்கது.

தொல்காப்பியர் வெகுளிக்குரிய நிலைக்களன்களுள் அலைத்தலையும் கொலையையும் ஒருங்கே வைக்கிறார். இவ்வைப்புமுறை இந்நாவலின் வாசகரைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது. பன்னாள் அலைக்கப்பட்டதைக் கண்டு வெகுள்வோர் ஒருசாரார். ஒருநாள் கொலையைக் கண்டு வெகுள்வோர் மற்றொரு சாரார். இரண்டையும் ஒரே நூல் முன்வைப்பதால் வாசகர் இருகூறாயினர். எனினும், அலைத்தலின் கொடுமையை உணர்வது கொலையை ஒப்புக்கொள்வதாகாது.

நூலகத்திலிருந்து நீக்கம்

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் 2023–24 கல்வியாண்டில் மிகுதியும் நீக்கப்பட்ட நூல் இதுவே என்று பென் அமெரிக்கா அமைப்பு பதிவு செய்தது, நீக்கங்கள் 98. துப்பாக்கிச்சூடன்றி, பாலியல் வன்கொடுமையைக் காட்டும் ஒரு பக்கமே இதற்குக் காரணம் என்பது பிக்கோவின் கருத்து. 'ரேஜ்' நூலை அதன் ஆசிரியரே விலக்கினார். இந்நூலையோ பிறர் விலக்கினர். முன்னதில் அச்சம் வன்முறை பற்றியது; பின்னதில், பிக்கோவின் கருத்துப்படி, துப்பாக்கிச்சூடு காரணமன்று.

முடிவுரை

கருத்து வேறுபாடு இந்நாவலின் தோல்வியைக் காட்டுவதன்று. வாசகர் நின்ற இடங்களின் வேறுபாட்டைக் காட்டுவது. பரிசும் மதிப்புரையும் நீக்க ஆணையும் பெரியோர் கையிலிருந்து வருவன. அவை ஆவணமாகின்றன. வகுப்பறையில் அலைக்கப்படும் மாணவனின் வாசிப்போ பெரும்பாலும் பதிவின்றி மறைகிறது. அந்நூல் எட்டாத தொலைவிற்குச் செல்லும்போது அவன் இழப்பது யாது என்னும் வினாவையும் ஏற்பு வரலாறு எழுப்புதல் வேண்டும்.