அடிபட்டவனுக்குப் பட்டு: செஞ்சிச் சீமையிலிருந்து மற்போரைப் பார்த்தல்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்துக் கட்டடங்களுள் ஒன்று உடற்பயிற்சிக்கூடம் என்று குறிக்கப்படுகிறது. கல்யாண மகாலின் மாடங்களை அண்ணாந்து பார்த்து, நெற்களஞ்சியத்தின் அளவைக் கண்டு வியந்து வருகிறவர்கள் இதைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறார்கள். அரண்மனை, களஞ்சியம், லாயம் ஆகியவற்றோடு ஒரே வளாகத்தில் பயிற்சிக்கூடமும் நிற்கிறது. குதிரையையும் நெல்லையும் போலவே பயின்ற உடலையும் அரசு தன் செலவில் வைத்துக் காத்தது என்பதற்கு அந்த இட அமைப்பே சான்று.

இன்றைய தொழில்முறை மற்போரைப் பற்றி நம்மிடையே ஒரு குறை உண்டு. அசல் மல்யுத்தம் மறைந்து, முடிவை முன்பே பேசிவைத்த காட்சி அதன் இடத்தைப் பிடித்துவிட்டதென்றும், ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்கும் கூட்டத்தார் மரபைக் கெடுத்தார்கள் என்றும் சொல்கிறோம். இதை நான் ஏற்கவில்லை. பயணமும் காட்சியும் தொழில்முறை மற்போருடனேயே பிறந்தவை. செஞ்சிச் சீமை அதை விளங்கிக்கொள்ள ஏற்ற இடம்.

நம் பழைய சான்று புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். எதிராளிக்குத் தனிப்பெயர் இல்லை. ஊர்ப்பெயரே பட்டமாக நிற்கிறது. போர் நடப்பதும் கிள்ளியின் சொந்த ஊரில் அன்று. தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்று புலவர் ஏங்குவதிலிருந்தே, காண வேண்டியவர் அங்கில்லை என்பது தெரிகிறது. நக்கண்ணையாரின் பாடலிலோ, வெற்றி இவனுக்கு என்று ஒரு சாராரும் இல்லை என்று மறு சாராரும் பிரிந்து நிற்கிறார்கள். வெளியூர்க் களம், ஊர்ப்பட்டம் தாங்கிய எதிராளி, இரண்டாகப் பிளந்த கூட்டம்: பிற்காலச் சுற்றுப்பயண மற்போரின் உறுப்புகள் இங்கேயே தென்படுகின்றன. கிள்ளி கூலிக்குப் பொருதவன் அல்லன் என்பதை மறந்துவிடக் கூடாது.

கூலிக்குப் பொருதவர்களை விஜயநகரத்தில் காண்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துகீசியர் பயஸ், நூனிஸ் இருவரும் மகாநவமி விழாவின் மல்லர்களை வருணித்திருக்கிறார்கள். பல் உடையும்படி, முகம் சிதையும்படி குத்து விழுந்ததையும், தீர்ப்புச் சொல்ல நடுவர்கள் இருந்ததையும் பயஸ் எழுதுகிறார். நூனிஸ் தரும் செய்தி இன்னும் நுட்பமானது. அரண்மனையில் ஆயிரம் மல்லர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனித் தலைவன் உண்டு. வேறு எந்த ஊழியமும் கிடையாது. முனை வைத்த வளையங்களைக் கையில் பிடித்துக் குத்திக்கொள்ளும் அந்தப் போரில் அதிகம் காயம்பட்டவனே போய்ப் பட்டுத்துணியைப் பரிசாகப் பெற்றான்.

இந்த ஒரு வரிக்காகவே நூனிஸைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். வெற்றி ஒன்றுதான் அளவுகோல் என்றால் பட்டு வென்றவனுக்குப் போயிருக்க வேண்டும். அது அடிபட்டவனுக்குப் போனதென்றால், அரசன் விலை கொடுத்தது கண்முன் தாங்கப்பட்ட வேதனைக்கு. இன்றைய மேடையில் அடி வாங்கும் கலைக்குக் கிடைக்கும் கூலியும் இதே வகையானது. செஞ்சி நாயக்கர்கள் இந்த விஜயநகரத்துக்கு அடங்கி ஆண்டவர்கள். அவர்களுடைய பயிற்சிக்கூடத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்கவேண்டும்.

கோட்டை 1649இல் பிஜப்பூரிடமும், 1677இல் சிவாஜியிடமும், 1698இல் மொகலாயரிடமும் சென்றது. தமிழின் மற்போர்ச் சொற்களிலும் இதே போன்ற அடுக்குகள் உள்ளன. மல், மற்போர் ஆகியவை பழையவை. மல்லர் பயிலும் கரடிக்கூடத்தின் ‘கரடி’, கன்னடத்தின் ‘கரடி மனை’யோடு உறவுடையது. குஸ்தி, வஸ்தாது, பயில்வான் ஆகியவை பாரசீக, உருதுத் தொடர்பால் வந்தவை. ‘பஹல்வான்’ தமிழில் ‘பயில்’ என்ற வினையின் சாயலை ஏற்றுப் பயில்வான் ஆனது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பாளையமும் படையும் மாறியபோது ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். சொற்களும் உடன் வந்தன.

முடிவு முன்பே தெரிந்த போர் பொய்யாகாதா என்ற கேள்விக்கு, பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1957இல் வெளியான நூலில் மற்போரைக் கிரேக்க நாடகத்தோடு ஒப்பிட்டு விடை தேடினார். செஞ்சிக்காரருக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. பக்கத்து மேலச்சேரி திரௌபதி வழிபாட்டின் முதன்மையான தலம். ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் தம் பெருநூலைச் செஞ்சியிலிருந்து தொடங்கியது இதனால்தான். திரௌபதியம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. பதினெட்டாம் போர் ஆடிய மறுநாள் காலை, களிமண்ணால் தரையில் கிடத்திய மாபெரும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி, விடிய விடிய ஆடிய உடல்களோடு பீமனும் துரியோதனனுமாக வேடமிட்டவர்கள் பொருதுகிறார்கள். இதுதான் படுகளம். தொடை பிளக்கும் என்பது நண்டு சிண்டுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அடிக்காக ஊரே வெயிலில் காத்து நிற்கிறது.

ஆடுபவர்களும் சுற்றுப்பயணக்காரர்களே. வாத்தியார் நடத்தும் கூத்துக்குழுவான ஜமா, விழாக்காலத்தில் ஓர் ஊரில் படுகளம் முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடும். இன்று விழுந்த துரியோதனன் அங்கே மறுபடி எழுந்து மறுபடி விழவேண்டும். தினமும் தோற்பதற்கு உடல் வேண்டும், பயிற்சி வேண்டும், தன் தோல்வியால் கதையை நிலைநிறுத்தும் பெருந்தன்மையும் வேண்டும்.

அரசவைகள் மறைந்தபின் பட்டுத்துணி சீட்டுக்காசானது. சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்டு போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் களமாயின. 1947இல் சிங்கப்பூர் சென்ற தாரா சிங்கும், ஹங்கேரியரான கிங்காங் என்னும் எமில் சாயாவும் மலேயாவிலும் இந்தியாவிலும் நகரம் நகரமாக மோதினார்கள். ஒரே இணை, பல ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் புதிய பகை: ஜமாவின் முறை இது. கிங்காங் 1970இல் சாலை விபத்தில் காயமுற்றுச் சிங்கப்பூரில் இறந்தார். எலும்பு முறிவும் ஊர்தியில் கழியும் இரவுகளும் எந்த ஒப்பந்தத்தாலும் நடிப்பாக மாறுவதில்லை. 1989இல் அமெரிக்காவின் பெரும் மற்போர் நிறுவனம், அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, தன் தொழில் பொழுதுபோக்குதான் என்று நியூ ஜெர்சியில் ஒப்புக்கொண்டது. பார்வையாளர் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

செஞ்சிச் சீமையில் படுகளம் முடிந்ததும் மக்கள் முண்டியடித்துக்கொண்டு துரியோதனனின் உடல்மண்ணைப் பிட்டு எடுக்கிறார்கள். ஜமா மூட்டை கட்டும்போது, அந்தக் களிமண் ஒரு பிடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.