காரைக்குடிப் பல்கலைக்கழகமும் தொண்டிக் கடலும்

காரைக்குடியில் கடல் இல்லை. ஆனால் அங்குள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தில் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை என்று ஒரு துறை இருக்கிறது. அது எங்கே இயங்குகிறது தெரியுமா? சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, தொண்டியில்! (சங்கப் பாடல்களில் சேரர் துறைமுகமாக வரும் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. நான் சொல்வது பாக் நீரிணைக் கரையில், திருவாடானை தாலுகாவில் இருக்கும் பாண்டிய நாட்டுத் தொண்டி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளே இல்லை.)

இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் காரைக்குடி சிவகங்கை மாவட்டம், தொண்டி இராமநாதபுரம் மாவட்டம். ஆனால் 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானதிலிருந்து 1985-ல் அது மூன்றாகப் பிரியும் வரை, 75 ஆண்டுகள் இரண்டும் ஒரே மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்த அதே 1985-ல்தான் அழகப்பா பல்கலைக்கழகமும் பிறந்தது. வறண்ட பூமி, பிழைக்க ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போன மக்கள் என்று அந்தப் பழைய மாவட்டத்துக்கே ஒரு முகம் இருந்தது.

அந்த மாவட்டத்தில் உயர்கல்வி வந்த கதை சுவாரசியமானது. 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்துவிட்டார். அதே ஆண்டு கல்லூரியும் வந்துவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பெண்கள் கல்லூரிக்குத் தன் வீட்டையே கொடுத்த செட்டியார் 1957-ல் காலமானபோது வயது 48கூட நிறையவில்லை.

இது ஒரு தனிமனிதரின் கதை மட்டுமல்ல என்பது என் எண்ணம். 1970-ல் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியை ஊர்க்காரர்கள்தான் தொடங்கினார்கள். 1988-ல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியை பி.எஸ்.அப்துர் ரகுமானின் சீதக்காதி அறக்கட்டளை தொடங்கியது. ஆக, நம் பக்கத்தில் முதலில் கொடுத்தது ஊர். வாங்கிக்கொண்டது கல்வி நிறுவனம். 'பல்கலைக்கழகம் சமுதாயத்துக்கு உதவுகிறது' என்று இன்று மேடையில் பேசுகிறோமே, வரலாறு அதற்கு நேர் எதிராகத்தான் தொடங்கியது.

திருப்பிக் கொடுப்பது எப்போது தொடங்கியது? காரைக்குடி ஆய்வகத்தைத் திறந்த அதே இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), மாணவர்கள் விருப்பத்தின் பேரில் சமூகப் பணி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அதன்பின் குழுக்கள், அறிக்கைகள், மாநாடுகள்... இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது இன்றைய கணக்கு. நம்மில் பலர் அந்த முகாமுக்குப் போயிருப்போம். கோயில் வாசலைக் கூட்டுவோம், மரக்கன்று நடுவோம், பேனர் பிடித்துப் போட்டோ எடுப்போம், எட்டாம் நாள் பஸ் ஏறிவிடுவோம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

இந்த இடத்தில்தான் தொண்டி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே துறையே ஊரில் இருக்கிறது, ஏழு நாளில் கிளம்பும் வேலை இல்லை. எதிரே இருப்பது ஆழமில்லாத, கடற்புல் மண்டிய கடல். கடல்குதிரை, கடல் அட்டை, ஆவுளியா என்கிற கடற்பசு எல்லாம் வாழும் இடம். 2001-ல் கடல்குதிரையையும் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நேற்றுவரை விற்ற பொருள், மறுநாள் பிடித்தாலே குற்றம். ஏன் என்று ஒரு மீனவர் மகனுக்கு அவன் மொழியில் சொல்ல, கடலையும் படித்து அந்த ஊரையும் அறிந்த ஒருவர் வேண்டும். அதேபோல் வாடை எப்போது திரும்பும், எந்தப் பாட்டில் எந்த மீன் என்பது அந்தப் பையனின் தாத்தாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவரை வகுப்புக்கு அழைத்தால் பாடம் நமக்குத்தான்.

2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. 'தத்து' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. நிலமும் பணமும் கொடுத்துக் கல்லூரியை வளர்த்த ஊர்களை இப்போது பிள்ளை என்பதா?

எனக்கு ஒரு யோசனை உண்டு. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். (2017-க்கு முன் 45 நாள்.) நாட்டுப்படகுகள் ஓடும், விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. படிப்பை விட்டுப் படகேறிய பையனும், அடுத்த ஆண்டு ஏறலாமா என்று யோசிக்கும் பையனும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும் காலம் அது. முகாமை அந்த மாதங்களில் வைத்து, பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு ஜூன், ஜூலையில் வரும் துணைத்தேர்வுக்குப் பாடம் எடுக்கலாம். மாலையில் கடற்கரையில் உட்கார்ந்தால் பெரியவர்கள் காற்றைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். இதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை. முகாம் தேதியை மாற்றினால் போதும்.